நூறாவது சுதந்திர விழா

“உம்மா, வந்திட்டாங்க!”

ஜன்னல் திரையை விட்டுவிட்டு மின்ஹா கூடத்துக்கு ஓடினாள். மேசை முழுக்க அவள் செய்த திருகோணமலைத் துறைமுகம் நீலமாகக் கிடந்தது. கவிழ்ந்துபோயிருந்த ஒரு மட்டைத் தோணியை நிமிர்த்தி வைத்தாள். 

நாட்டின் நூறாவது சுதந்திர விழா 2048இல் வருகிறது. அது துறைமுகத்தில் நடந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களின் மாதிரிகளை நடுவர்கள் வீடு தேடி வந்தே பார்ப்பார்கள். முதலிடம் கிடைத்தால் கொழும்பில் விடுதியோடு இலவசப் படிப்பு.

உயர்தரப் பரீட்சை முடிந்த அன்றோடு மின்ஹாவுக்குக் கிண்ணியாவின் தெருக்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கடைக்குப் போவது வாப்பா, பசை வாங்கி வருவது வாப்பா, போன் வந்தால் எடுப்பதும் வாப்பா. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மூச்சு முட்டிப்போன பிள்ளைக்கு இந்தப் போட்டி ஒன்றுதான் வெளியே போக வழி. அதற்கும் வாப்பா ஸைனுலாப்தீன் ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தார்.

“போட்டியில வெண்டா கொழும்புக்குப் போ, நான் மறிக்க மாட்டன். இல்லாட்டி பொறகு நான் சொல்றதக் கேக்கணும்.”

சனிக்கிழமை காலையில் நடுவர்கள் வருவார்களாம் என்று போனை வைத்துவிட்டுச் சொன்னவரும் அவர்தான். வாப்பா சொன்ன சொல் மாற மாட்டார் என்று மின்ஹா மலைபோல நம்பியிருந்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் போனோடு ஓர் இளம்பெண். உம்மா பல்கீஸ் விடியலிலிருந்து குசினியில் வெந்து செய்த வட்டிலப்பம் அவர்கள் முன்னால் வந்தது. அம்மையார்தான் தலைமை நடுவர் என்று மின்ஹா பார்த்த உடனேயே முடிவு கட்டிவிட்டாள். அவர் கதிரையில் இருந்த இருப்பு அப்படி!

“இதெல்லாம் நீங்களே செஞ்சதா மகள்?” என்றார் அம்மையார்.

“ஓம் மிஸ். ரெண்டு மூணு மாசமா இதோடதான். வெளி வாசலுக்கே போகல்ல.”

“வீட்டுக்குள்ளயேயா! இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அந்தப் பொறுமை எங்க வருது?” அம்மையார் வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். மின்ஹாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“மேடையக் காணல்லயே?” என்று கேட்டார் வெள்ளைச் சட்டைக்காரர்.

“மேடை இல்ல சேர். உப்புவெளி, சாம்பல்தீவு, இலங்கைத்துறை, எங்கட கிண்ணியா, எல்லா ஊர்த் தோணியும் விளக்கோட உள்ள வரும். சனமெல்லாம் கடலில. பெரிய ஆக்கள்தான் கரையில நிண்டு கை தட்டணும்.”

வெள்ளைச் சட்டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அந்த நேரம் உங்களுக்கு எத்தின வயசாகும்?” அம்மையார் கேட்டார்.

“நாப்பத்தொண்டு மிஸ்.”

“அப்ப புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோணியில ஏறலாம்.” எல்லாரும் சிரித்தார்கள், மின்ஹாவும் சேர்ந்து.

அந்த நேரம் பார்த்து வெளியே ஹோர்ன் சத்தம். திரை இடுக்கில், முன்னால் பதாகை கட்டிய வான் ஒன்று நிற்பது தெரிந்தது. ஸைனுலாப்தீன் விழுந்தடித்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினார். வான் திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

“வழி மாறி வந்த ஆக்கள். நீங்க கதைங்க, கதைங்க.”

இளம்பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள். துறைமுகம் முழுதும் படத்தில் விழட்டும் என்று மின்ஹா ஒதுங்கினாள்.

“நீங்க ஏன் விலகுறீங்க? கிட்ட வந்து நில்லுங்க. அங்க பார்த்துக்கொண்டு இருக்கிறாங்க.”

கொழும்பில் இருக்கும் மற்ற நடுவர்களுக்கு அனுப்பப் போகிறாள்! மின்ஹா முக்காட்டை இழுத்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள்.

அம்மையார் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். “புள்ளைட வாயால கேக்காம நாங்க ஒண்டும் முடிக்க மாட்டம். இது உங்கட விருப்பம்தானே? வாப்பாட வற்புறுத்தல் ஒண்டும் இல்லையே?”

“வாப்பா வற்புறுத்துறதா? அல்லாஹ்! அவரச் சம்மதிக்க வச்சதே நான்தான் மிஸ். முழு மனசோடதான் சொல்றன்.”

ஸைனுலாப்தீன் தரையைப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற பல்கீஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெருமையில் அழுகிறாளாக்கும் என்று நினைத்தது அந்தப் பாவப்பட்ட பிள்ளை.

இளம்பெண்ணின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதை வாங்கிப் படித்த அம்மையார், முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கரண்டி வட்டிலப்பத்தை எடுத்து மின்ஹாவின் வாயில் ஊட்டினார். விழுங்கியும் விழுங்காமலும் அவள் ஆவலோடு கேட்டாள்.

“முடிவு எப்ப தெரியும் மிஸ்?”

“மகனுக்கும் புடிச்சிட்டாம், இனி மிஸ் இல்ல, மாமி எண்டு கூப்பிடுங்க.”