ருசி சொல்லும் எலி

சுவருக்குள் இருந்த எலி வளையில், புதிய தீனியை முதலில் ருசி பார்த்துச் சொல்வது கிழட்டு நரையனின் வேலை. அது "கசக்குது" என்றால் எந்த எலியும் தொடாது. ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்றைக் கொறித்துத் தீர்த்த கூர்வாலன், ஒருநாள் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

"கசக்குது, புளிக்குதுன்னுக்கிட்டு! ஓரமா உட்காரு, பெரியப்பா" என்றது. பிறகு எல்லாமே "டெலிஷியஸ்", "யம்மி"தான். அர்த்தம் கேட்க வெட்கப்பட்டு மற்ற எலிகள் தலையாட்டித் தின்றன.

ஒரு மாலை வாசலில் வெள்ளை உருண்டை ஒன்று கிடந்தது. கூர்வாலன் ஒரு கடி கடித்தது. தொண்டை அடைக்க அடைக்க, "பிட்டர்! பிட்டர்!" என்று கத்தியது.

"இந்தக் கத்து கத்துறான்னா தனி ருசிதான்டா!" என்று மற்றவை பாய்ந்தன.

வாடையிலேயே நரையனுக்கு விஷம் என்று தெரிந்துவிட்டது. யாராவது வந்து தன்னைக் கேட்கட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

இப்போது வளையில் நரையன் மட்டும்தான். எதை வாயில் வைத்தாலும் இருட்டுக்குள்ளிருந்து குட்டிக் குரல்கள் கேட்கின்றன: "பெரியப்பா, பிட்டர்னா என்ன?"

"கசப்புடா, கசப்பு" என்று நரையன் சொல்கிறது. குரல்கள் மறுபடியும் முதலிலிருந்து கேட்கின்றன.