பத்தாவது கப்

“டிலக்ஷன் இந்தமுறை கயிறு இழுக்கேல்லை.”

விளையாட்டுக் கழகத் தலைவன் றஜிந்தன் இதைச் சொன்ன நாளிலிருந்து, அச்சுவேலிப் பக்கத்து எங்கள் ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பின்னே? சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஒன்பது வருசமாகக் கயிறிழுத்தல் கப் எங்களுக்குத்தான். ஒன்பது முறையும் கயிற்றின் கடைசித் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவன் டிலக்ஷன். நூற்றுமுப்பது கிலோ. காலை ஊன்றினான் என்றால், தேர்ச்சில்லு உருளாமல் வைக்கிற கட்டை மாதிரி அசையமாட்டான். ஊர் அவனைத் தேர்க்கட்டை என்றுதான் கூப்பிடும்.

அந்த உடம்பை ஊர்தான் தீனி போட்டு வளர்த்தது. விழா கிட்டினால் ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி, இன்னொரு வீட்டில் ஒடியல் கூழ். பின்னேரம் தியாகலிங்கத்தாரின் கடையில் இரண்டு கொத்துரொட்டி.

“சாப்பிடு ராசா, கப் வேணுமெல்லே” என்பார் தியாகலிங்கத்தார்.

அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில் பயிற்சி எடுக்கும்போது மயங்கி விழுந்தான். மூன்று நாள் ஆசுப்பத்திரி. வீட்டுக்கு வந்த கிழமையே றஜிந்தன் அவன் பெயரை வெட்டிவிட்டான்.

அதோடு விட்டானா? நேரே தியாகலிங்கத்தாரின் கடைக்கு வந்து, “அண்ணை, இனி டிலக்ஷனுக்குக் கொத்து குடுக்க வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

“கேட்டியளே கதையை? ஒருக்கா விழுந்தவுடனை பெடியன்ரை வாயையும் கட்டிப்போட்டாங்கள். நன்றி கெட்டவங்கள்.” தேத்தண்ணி குடிக்க வந்த எல்லோருக்கும் தியாகலிங்கத்தார் இதைச் சொன்னார்.

பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. விடியக்காலமை அணிப் பெடியள் எட்டுப்பேரும் வெங்காயத் தோட்டத்து ஒழுங்கையால் ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் டிலக்ஷன், கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டமாக, மூச்சு வாங்க வாங்கப் போவான்.

“திரும்பச் சேர்ப்பாங்கள் எண்டு பின்னாலை இழுபடுறான்” என்று ஊர் சொன்னது.

ஒருநாள் தியாகலிங்கத்தார் மறித்தே கேட்டுவிட்டார். “எட தம்பி, உனக்கு ரோசம் கிடையாதோ?”

“விடுங்கோ அண்ணை.” சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

விழா வந்தது. கடைசிப் போட்டி உடுப்பிட்டிப் பெடியளோடு. கயிற்றின் கடைசியில் றஜிந்தன். ஆள் முருங்கைக்காய்.

“கட்டையை வீட்டிலை விட்டிட்டுத் தேர் இழுக்க வந்திருக்கினமடா” என்று உடுப்பிட்டிக்காரர் சிரித்தார்கள்.

முதல் இழுவை போனது. இரண்டாவது அதைவிடக் கெதியாய்ப் போனது. எங்கள் பெடியள் எட்டுப்பேரும் மண்ணில் கிடந்தார்கள்.

தியாகலிங்கத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

“சந்தோசமோ தலைவர்? ஒன்பது வருசத்து மானம் போச்சு. அவனை ஒருக்கால் பிடிக்க விட்டிருந்தால் போதும். ஒரே ஒருக்கால்.”

றஜிந்தன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினான். “இப்பிடிச் சொல்லுவியள் எண்டுதான் அண்ணை ஊருக்குச் சொல்லேல்லை.”

“எதை?”

டிலக்ஷனின் மனுசி ஜெயகௌரி முன்னுக்கு வந்தாள்.

“நான் சொல்லுறன் அண்ணை. இவருக்குச் சீனி நானூறு, பிறசர் இருநூறு. இன்னொருக்கால் மூச்சை அடக்கிக் கயிறு இழுத்தால் தலைக்குள்ளை நரம்பு வெடிக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். உடம்பைக் குறைச்சால் தப்பலாமாம். அண்டைக்கே இந்த எட்டுப்பேரும் வீட்டை வந்தவை. மழையெண்டாலும் விடிய அஞ்சு மணிக்கு எங்கடை படலை வாசலிலை நிப்பினம். இவர் ஓடேக்கை ஓடி, நிண்டால் நிண்டு. இப்ப இருபத்திரண்டு கிலோ குறைஞ்சிருக்கு. எங்கடை மகள் ஆரபியின்ரை பாரம் அப்பிடியே.”

“ஊருக்குச் சொன்னால் என்ன பிள்ளை?”

“இந்த ஒருமுறை மட்டும் எண்டு கேப்பியள். இவர் மாட்டன் எண்டு சொல்லமாட்டார்.”

தியாகலிங்கத்தார் மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டார். பிறகு றஜிந்தனிடம் மெல்லக் கேட்டார்.

“அப்ப, தோற்பம் எண்டு தெரிஞ்சுதான் இறங்கினனீங்களோ?”

“ஓம் அண்ணை. எட்டுப்பேருக்கும் தெரியும்.”

ஒலிபெருக்கி கூப்பிட்டது. அடுத்தது தகப்பனும் பிள்ளையும் கைகோத்து ஓடுகிற ஓட்டம்.

கோட்டில் ஏழு வயது ஆரபி நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு டிலக்ஷன். டொக்டரே ஓடச் சொல்லிவிட்டாராம். ஒன்பது வருசம் அந்த மைதானத்தில் கப் எடுத்தவன், அங்கே ஒருநாளும் ஓடினதில்லை.

விசில் ஊதியது.

ஆரபி இழுத்த இழுப்பில் தேர்க்கட்டை அசைந்தது. அசைந்து, ஓடத் தொடங்கியது. மண்ணில் கிடந்த பெடியள் எட்டுப்பேரும் கரையால் கூடவே ஓடினார்கள். வந்தது நாலாம் இடம். ஆரபி கையை உயர்த்திக்கொண்டு ஓடின விதத்தைப் பார்த்தால் முதலாம் இடம் என்றுதான் சொல்வீர்கள். முடிவுக்கோட்டைத் தாண்டியும் இரண்டுபேரும் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உடுப்பிட்டித் தலைவன் கப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான்.

“என்ன அண்ணை, எங்கை உங்கடை பத்தாவது கப்?”

தியாகலிங்கத்தார் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினார்.

“கண் தெரியேல்லையோ தம்பி? அந்தா, மகளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடுது. வடிவாப் பார்.”