விரிசல் விழுந்த பாறை

எண்ணெய்க் கிணற்றின் அடியாழத்திலிருந்து வந்த பாறைத் துண்டு, பல்கலைக்கழக மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் ரம்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆளுக்குப் பாதி. எனக்கு அதோட வயசு தெரிஞ்சா போதும். நடுவுல ஒரு விரிசல் ஓடுது, அந்த வழியாவே அறுத்துடலாம்," என்றது நிலவியல் அறையின் பூதக்கண்ணாடி.

"சரி," என்றது பொறியியல் அறையின் பம்பு. "நேத்து இதுக்குள்ள எண்ணெயைச் செலுத்திப் பார்த்தேன். விறுவிறுன்னு ஓடிடுச்சு. பாறைக்குள்ள அவ்வளவு வேகமா ஓடாதே, என் குழாய்தான் எங்கேயோ ஒழுகுது போல."

பாறைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மலையே மேலே உட்கார்ந்திருந்தபோதும் வாயைத் திறக்காத பாறை அது.

"உன் குழாய் ஒழுகல. கண்ணாடி பார்த்த விரிசல் வழியாத்தான் உன் எண்ணெய் ஓடுச்சு," என்றது. "என்மேல ரம்பம் படக் கூடாது. அறுத்தே தீரணும்னா, உங்க ரெண்டு அறைக்கும் நடுவுல நிக்குற சுவரை அறுங்க."