கோட்டுக்கு உள்ளே

அவள் விளக்குமாற்றைத் தார் ரோட்டில் குறுக்காகக் கிடத்தினாள்.

சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு விளக்குமாறு நீளம். அதற்கப்பால் ஒரு முழம்.

ஒரு பிள்ளை சைக்கிளில் போக அவ்வளவு போதும்.

சட்டியில் பிளீச்சிங் பவுடர். அள்ளிய கை எரிந்தது. எரியட்டும்.

உங்களுக்குத் தெரியாததா? பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ரோட்டோரம் இந்த வெள்ளைக் கோடு விழுந்தாக வேண்டும். அவர் போகிறவரை அதை யாரும் மிதிக்கக்கூடாது. நகராட்சியில் பதினோரு வருஷமாகக் கோடு போடுகிறவள் அவள். ஓரத்தை விட்டு ஒரு விரல்கூட விலகியதில்லை.

இன்று விலகினாள்.

மண்டபத்துக்குள் கூட்டம்; முடிகிற நேரத்துக்கு அதிகாரி வருவார். வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் இந்த ரோட்டில் என்ன வசதி வேண்டும், ஜனங்கள் வந்து சொல்லலாமாம். அந்த நோட்டீஸைச் சுவர் சுவராக ஒட்டியதும் அவள்தான்.

காலையில் மேஸ்திரியிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்டுப் பார்த்தாள், தானும் போய்ச் சொல்ல.

"நீ கோட்டப் போடு தாயி. கருத்தெல்லாம் அவங்க சொல்லிக்குவாங்க."

அவங்க சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஓரமா பாதை போட்டுட்டா, கடைக்கு வர்றவங்க காரை எங்க தலையிலயா நிறுத்துவாங்க?" கடைக்காரர் சங்கத் தலைவரின் குரல். கைதட்டல். "இப்பல்லாம் யாருங்க சைக்கிள்ல போறா?"

அவள் இன்னொரு சட்டி பவுடர் அள்ளினாள்.

உரக்கடை வாசல் வந்தது. தலைவருடைய கடை. வாசலில் அவருடைய கார். எப்போதும் அங்கேதான் நிற்கும்.

ஆடி மாதம் ஒருநாள், அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்த சைக்கிளை பஸ் தட்டியது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த புது சைக்கிள். பதினொன்றாம் வகுப்பு சுபாஷினி.

அவள் மகள்.

பதறாதீர்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டாள். காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். இப்போது நடக்கிறாள். சைக்கிள்கூட மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த ரோடு என்றால்தான் உடம்பு நடுங்குகிறது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள். நாத்தனார் மூலமாக நூல் மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. திங்கட்கிழமை காலை மில் வேன் வருகிறது.

ஓரமாகப் பாதை கேட்டுத் தாய்க்காரி மூன்று மனு கொடுத்தாள். மூன்றுக்கும் ஒரே பதில். பரிசீலனையில் உள்ளது.

காரையும் உள்ளே வளைத்துக் கோடு போட்டாள். அந்த இடத்தில் மட்டும் இரண்டு சட்டி கொட்டினாள்.

விசில் சத்தம்.

"யாரு காருய்யா இது? கோட்டுக்குள்ள நிக்குது பாரு! அதிகாரி வர்ற நேரத்துல!"

போலீஸ்காரருக்கு என்ன தெரியும், பாவம். கோடு விழுந்திருக்கிறது. அப்படியானால் மேலிடத்து உத்தரவு.

ஒலிபெருக்கி கரகரத்தது. "உரக்கடை வாசல்ல நிக்கிற சாம்பல் கலர் கார். ஓனர் உடனே வந்து எடுக்கவும்."

பேச்சு பாதியில் நின்றது. தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கோட்டைப் பார்த்தார்.

மிதிக்காமல் தாண்டினார்.

காருக்குப் பின்னால் பைக்குகள் நகர்ந்தன. சரக்கு ஆட்டோ நகர்ந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த ரோட்டுக்கு ஓரம் என்று ஒன்று தெரிந்தது.

"வேற யாராச்சும் கருத்து சொல்லணுமா?" ஒலிபெருக்கி கேட்டது.

யாரும் இல்லை போலிருக்கிறது.

அவள் குனிந்த தலை நிமிராமல் பள்ளிக்கூட வாசல்வரை கோட்டை இழுத்தாள்.

அதிகாரியின் கார் வரும்போதும் திரும்பும்போதும் கோட்டுக்கு வெளியே ஒதுங்கியே போனது.

மேஸ்திரி மூச்சிரைக்க வந்தார்.

"யாரக் கேட்டு நடுரோட்டுல போட்ட?"

"உள்ள கேட்டாங்கல்ல. அதான் சொல்லிட்டேன்."

"அழி! மொதல்ல அழி!"

விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பெண்பிள்ளைகள் சைக்கிளில் வெளியே வந்தார்கள். ஒருத்தி கோட்டைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்து கோட்டுக்கு உள்ளே திரும்பினாள். அவள் பின்னாலேயே மற்றவர்கள், வரிசையாக, பெல் அடித்துக்கொண்டு. பஸ் ஒன்று வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமாகவே போனது.

மேஸ்திரி விளக்குமாறும் கையுமாக நின்றார்.

தள்ளுவண்டியில் பாதி மூட்டை பவுடர் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் அவள் அதை ஸ்டோரில் ஒப்படைக்கவில்லை.

திங்கட்கிழமை காலைக்கு வேண்டும்.