மேல் கட்டில் யாருக்கு

என் மலை விடுதியில் நாலாம் நம்பர் அறையின் கதவை நான் திறந்துவிட்டதும் பெரிலும் நோரீனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இருவரின் மழைக்கோட்டிலிருந்தும் தண்ணீர் சொட்டி, காலையில்தான் நான் துடைத்த தரை நனைந்துகொண்டிருந்தது.

"கட்டில் எங்க?" என்றார் பெரில்.

"இருக்கே, ரெண்டு!" என்றேன் பெருமையாக.

அந்த அறையில் இருந்தது, ஏணி வைத்து மேலும் கீழுமாக இருவர் படுக்கும் ஒரே ஒரு அடுக்குக் கட்டில்தான். போன வாரம் என் கணவர் டெரெக் அதை ரம்பத்தால் அறுத்து, இரண்டு தாழ்ந்த கட்டில்களாக்கி, எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார். நல்ல கட்டிலை நாசம் பண்ணச் சொல்கிறாயே என்று நாள் முழுக்கப் புலம்பினார். யோசனை என்னுடையது.

பெரிலுக்கும் நோரீனுக்கும் வயது எழுபத்து நான்கு. ராச்டேல் நகரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். முப்பத்தொரு வருடமாக ஜூன் பிறந்தால் பஸ் பிடித்து வந்து, மூன்று நாள் இந்த மலைகளில் நடக்கிறார்கள். கீழே ஊரில் பஞ்சு மெத்தையும் காலையுணவுமாக எத்தனையோ விடுதிகள். இவர்களுக்கு என்னவோ ஆட்டுக்கொட்டகையாக இருந்த என் விடுதிதான் வேண்டும்.

மலையில் நடக்க வரும் மற்றவர்கள் கழுவாமல் போட்டுவிட்டுப் போகும் சட்டிகளைத் திட்டிக்கொண்டே கழுவி வைப்பார்கள். சைக்கிளில் வரும் பையன்களின் ஈர பூட்ஸில் செய்தித்தாளைத் திணித்துக் காய வைப்பார்கள். இவர்கள் வராத ஜூன் மாதத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

பத்து நாளுக்கு முன் பெரில் போன் செய்தார்.

"ஜானிஸ், இந்த வருஷம் மேல் கட்டில் எனக்குத்தான். அவ என்ன சொன்னாலும் மசியாத, கண்ணு."

மறுநாளே நோரீன்.

"என்ன ஆனாலும் சரி, பெரில மட்டும் மேல ஏத்திடாத."

பெரிலின் இடது முழங்கால் இருக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். ஏணியிலிருந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இந்த மலைக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு மணி நேரமாகும். ஒருத்திக்கு வீம்பு, இன்னொருத்திக்குக் கவலை என்று கணக்குப் போட்டேன். யாரை மேலே அனுப்பினாலும் மற்றவருக்குக் கோபம். அதோடு இங்கே வருவதையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

அதனால்தான் ரம்பம்.

"ஏணியும் இல்ல, சண்டையும் இல்ல" என்றேன்.



பெரில் ஈரக் கோட்டோடு ஒரு கட்டிலில் உட்கார்ந்தார். எதிர்க் கட்டிலைப் பார்த்தார். நடுவில் மூன்றடி கூட இல்லை.

"இப்படி மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு எப்படிடி சொல்றது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரில்தான் விளக்கினார். மேலே படுப்பவர் பேச வேண்டும், கீழே படுப்பவர் கேட்க வேண்டும். இந்த அறையில் அதுதான் அவர்கள் வழக்கமாம். விளக்கை அணைத்தால் யார் முகமும் யாருக்கும் தெரியாது. தன் கணவர் வீட்டை விட்டுப் போனதை நோரீன் மேலேயிருந்துதான் சொன்னார். தன் மகன் ஜெயிலுக்குப் போனதைப் பெரிலும் மேலேயிருந்துதான் சொன்னார். காலையில் எழுந்தால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

"இந்தத் தடவ எனக்கு ஒண்ணு சொல்ல இருக்கு, கண்ணு. அதுக்காகத்தான் மேல கேட்டேன்."

நான் நோரீனைப் பார்த்தேன். "நீங்க அவங்க முழங்காலுக்காகத்தானே வேணாம்னீங்க?"

நோரீன் தோள்பையின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"முழங்கால் கெடக்கட்டும். மேல ஏறினா இவ சொல்லிடுவா. ஆஸ்பத்திரி லெட்டர் வந்த அன்னிக்கே இவ பொண்ணு எனக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா. இவ வாயால அத நான் கேக்க மாட்டேன்."

பெரில் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் கேட்காத உதவியைச் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டிலை ஒட்டவைக்க முடியுமா என்று டெரெக்கைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஏதோ உளறினேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.



பிறகு நோரீன் பையை இறக்கி வைத்தார். சுவரைப் பிடித்து முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டே பெரிலின் கட்டிலை ஒட்டிய வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டார்.

பெரில் அவரைக் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகக் காலைத் தூக்கி வைத்துக் கட்டிலில் சாய்ந்தார்.

மணி நாலரை. ஜூன் மாதத்து வெளிச்சம். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாத்தும்போது தரையிலிருந்து நோரீனின் குரல் கேட்டது.

"சரி, சொல்லு. ஆனா அடுத்த வருஷம் மேல நான்தான்."