சலவை நோட்டு

"இது செல்லாதுண்ணே."

மருந்துக்கடைக்காரர் ஐந்து நோட்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

அப்துர் ரகீப் பதறிப்போனார். மடிப்புக்கூட விழாத ஆயிரம் ரியால் நோட்டுகள். நாலு மாதமாக வராத வாத்தியார் சம்பளம், போன வாரம்தான் கைக்கு வந்தது. கள்ள நோட்டா என்ன?

கள்ள நோட்டில்லை. ஏடன் வங்கி வெளியிட்டது, அதுதான் குற்றம். நாடு ஒன்று, ரியால் ஒன்று, போரில் பிரிந்தபின் வங்கி மட்டும் இரண்டு: ஏடன்காரர்களுக்கு ஒன்று, சனாக்காரர்களுக்கு ஒன்று. ஏடன் வங்கியின் புது நோட்டுக்கு, சனாக்காரர்கள் ஆளும் இந்தப் பக்கத்தில் இந்த மாதத்திலிருந்து தடை. அவர் காதிலும் விழத்தான் செய்தது. பணத்தைப் போய் எவனாவது வேண்டாம் என்பானா என்று சிரித்தார், பாவி மனுஷர்.

வாசற்படியில் மகள் அஷ்வாக் தாயின் மடியில் சுருண்டு கிடந்தாள். ஒன்பது வயது. இன்சுலின் போட்டு இரண்டு நாளாகிறது. மூச்சு வாங்கியது, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை.

ஏடன்காரர்கள் கையிலிருக்கும் அவர்கள் ஊர் தாயிஸில் எந்தக் கடையிலும் மருந்தில்லை. குறுக்கே போர்முனை. மலையைச் சுற்றி ஆறு மணி நேரம் வேனில் வந்திருந்தார்கள். அவர்கள் வீடிருக்கும் மலைச்சரிவு இந்தப் படியிலிருந்தே தெரிந்தது.

"அஞ்சுக்குப் பத்தா எடுத்துக்க. இருபதா எடுத்துக்க. உன் காலப் புடிக்கிறேன் தம்பி."

"அல்லா மேல ஆணையா, கல்லாவுல இது இருந்தா எனக்கு ஜெயிலுதான். இந்தத் தெருவுல எவனும் தொடமாட்டான். சும்மா தூக்கிக் குடுக்கக் கடையும் என்னுதில்ல. பழசு குடுங்கண்ணே. கிழிஞ்சிருக்கட்டும், ஒட்டுப் போட்டிருக்கட்டும், அஞ்சே அஞ்சு பழசு!"

மருந்துப் புட்டி கடைக்காரர் கையிலேயே இருந்தது.

அப்துர் ரகீப் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தார். இருக்காதென்று தெரியும்.

காலையில் அவரிடம் ஐந்து பழசு இருந்தது. மூலை கிழிந்து, டேப் ஒட்டி, வியர்வையில் கறுத்த ஐந்து. பிள்ளைக்கு மருந்து வாங்கும் பணம் நல்லதாக இருக்கட்டும் என்று சலவை நோட்டுகளைத் தனியே எடுத்து வைத்தார். இறங்கும்போது அந்தக் கிழிசலைத்தான் கூச்சத்தோடு வேன்காரனிடம் வாடகையாக நீட்டினார்.

அவன் முகம் சுளிக்கவில்லை. வாங்கி, முத்தமிட்டு, சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உன் பிள்ளைகளுக்கு ஒரு நோய்நொடி வராமல் அல்லாஹ் காக்கட்டும் என்று, வேன் கண்ணுக்கு மறையும்வரை கையேந்தி நின்று துஆச் செய்துவிட்டுத்தான் கடைப்படி ஏறியிருந்தார்.