வெறும் தண்ணீர்

“அம்மா தண்ணி கேக்குறாங்க அண்ணி. ஒரு டம்ளர் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?”

கேட்டது பாப்பா. நாற்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். கடைக்குட்டிக்கு வைத்த பேர் காடு போகிறவரைக்கும் கூடவே வரும். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட அம்மாவைப் பார்க்க அன்று காலையில்தான் வந்திருந்தாள்.

அண்ணி அவசரப்படவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு மாவைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். அது பசை மாதிரி கெட்டியானதும், ஸ்பூனில் எடுத்து மாமியார் வாயில் வைத்தாள். அம்மா முகத்தைச் சுளித்தாள். பாதி வெளியே வழிந்தது. “தண்ணி... தண்ணி...” என்று கோணிய வாயால் குழறினாள்.

“வெறும் தண்ணி கொடுக்கக் கூடாது பாப்பா. அவங்களுக்கு விழுங்குற சக்தி போயிடுச்சு. கொடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார்.”

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டாள் பாப்பா. விஷம் குடித்துச் செத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். தண்ணீர் குடித்து யார் செத்தார்கள்?

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அண்ணி முதல் பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்த சமயம். தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்பு ஊதிவிடும் என்று சொல்லி, வாய் வாயாக அளந்துதான் கொடுப்பாள் அம்மா. பேர்தான் அக்கறை. பிடிக்காத மருமகளைப் படுத்த அதுவும் ஒரு வழி. உதடு வெடித்துக் கிடந்த அண்ணி, “அத்தைக்குத் தெரியாம ஒரு வாய் கொடு பாப்பா” என்று கெஞ்சினாள். பாப்பா அப்போது ஒன்றும் விவரம் தெரியாத குழந்தை இல்லை. ஆனாலும் எதற்கு வம்பு என்று காதில் விழாத மாதிரி போய்விட்டாள்.

அன்று அம்மா அளந்தாள். இன்று அண்ணி ஸ்பூனால் அளக்கிறாள். கர்மா என்று சும்மாவா சொன்னார்கள்!

சித்திக்குப் போன் போட்டு அழுதாள். வினை விதைத்தவள் வினை அறுக்கத்தான் வேண்டும், அதற்காக நாக்கு வறண்டு கிடக்கிற ஜீவனிடமா பழி தீர்ப்பது என்று சித்தியும் பொரிந்து தள்ளினாள். போனை வைத்தபோது பாப்பாவுக்கு ரத்தம் கொதித்தது.

மத்தியானம், அம்மா நனைத்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு அண்ணி துவைக்கப் போனாள். பாப்பா அறைக் கதவைச் சாத்தினாள். அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, டம்ளரை வாயில் சரித்தாள்.

அம்மா குடித்த வேகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நடுவில் இருமல் வந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பாப்பா முதுகைத் தடவிவிட்டு, மிச்சத்தையும் கொடுத்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்று அவள் மனதும் குளிர்ந்தது.

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூச்சு, கொதிக்கிற பாத்திரம் மாதிரி களகளவென்று இரைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் கோபப்பட்டார்.

“இவ்வளவு சொல்லியும் யார் வெறும் தண்ணி கொடுத்தது?”

அண்ணன் தன் மனைவியைப் பார்த்தான். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான்தான் கொடுத்தேன். தாகம் தாகம்னாங்க, மனசு கேக்கல” என்றாள் அண்ணி.

அண்ணன் எல்லார் முன்னாலும் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். நர்ஸ் குறுக்கே வந்ததால் அடி விழவில்லை. அம்மா பிழைக்கவும் இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. அண்ணி மட்டும் சமையலறையில் தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாப்பா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“உங்களுக்குத் தெரியுமா அண்ணி?”

“டாக்டர் கேட்டப்ப உன் முகத்தைப் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்...”

“நான் கொடுத்தேன்னா எல்லாரும் உடனே நம்பிடுவாங்க. என்னைப் பத்தி புதுசா ஒண்ணும் நினைக்கப் போறதில்ல. பெத்த பொண்ணு கையாலேன்னு ஆகிட்டா, நீ எப்படி மீதி நாளைக் கழிப்பே?”

பாப்பாவுக்குத் தாங்கவில்லை. அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இப்பவே அண்ணன்கிட்ட சொல்லிடறேன், எல்லார் முன்னாலும் சொல்லிடறேன் என்றாள். அண்ணி தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. குழாயைத் திறந்து அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாயெடுப்பதற்குள் சித்தி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“எங்க அக்கா என்னைக்கோ செஞ்சதுக்கு, இவ இப்படிக் கணக்குத் தீர்த்துட்டாளே. கர்மான்னு ஒண்ணு இருக்குல்ல? செஞ்சவளை அது சும்மா விடுமா? நீயே சொல்லு பாப்பா.”

அண்ணன் தலை நிமிர்ந்தான். கூடமே அவள் வாயைப் பார்த்தது.

“விடாது சித்தி” என்றாள் பாப்பா.